முள் நிற்கும் முன்

தம்பி,

உன் பெரிய பெட்டியில், ஊறுகாய் டப்பாவுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே ஒரு நீல அட்டை நோட்டு தட்டுப்படும். விமான நிலையத்தில் எடை கூடிவிட்டால் ஊறுகாயை வேண்டுமானால் வெளியே எடு, நோட்டை எடுக்காதே. அது உன்னுடைய எம்.இ. ப்ராஜெக்ட் நோட்டுதான். முன்பக்கமெல்லாம் மொட்டை மாடியில் எடுத்த ரீடிங். மீந்திருந்த வெள்ளைப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். நீயும் அப்பாவும் ஷூ வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறீர்கள். சமையலை முடித்துவிட்டேன், வீட்டில் யாரும் இல்லை. இதையெல்லாம் நேரில் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் நான் பாதியிலேயே அதட்ட ஆரம்பித்துவிடுவேன், நீயும் "சரிம்மா" என்று எழுந்து போய்விடுவாய். இத்தனை வருஷமாக நமக்குள் நடப்பது அதுதானே. அதனால் எழுதுகிறேன். நாளை மறுநாள் நீ ஜெர்மனிக்குப் போகிறாய். அதற்குள் உனக்கு ஒரு நன்றியும் சொல்ல வேண்டும், ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தாய் தன் வேலையைப் பற்றி மகனிடம் முழுசாகப் பேசுவதில்லை. டிப்ளமா முடித்த கையோடு கல்பாக்கத்தில் மீட்டர் பிரிவில் சேர்ந்தேன். பிரிவில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் ஒரு பிரஷர் கேஜின் முன்னால் நிற்க வைத்து ரீடிங் எழுதச் சொன்னார்கள். முள் ஆடிக்கொண்டிருந்தது. அவசரமாக ஒரு எண்ணை எழுதினேன். மூத்தவர் ஒருவர் அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "முள்ளு நிக்கறதுக்கு முன்னாடி எழுதறது ரீடிங் இல்லம்மா, வதந்தி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அந்தப் பழக்கம். முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நின்றபிறகுதான் பேனாவைத் திறப்பேன். என் ரீடிங்கை யாரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமையை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஸ்டாஃப் பஸ்ஸில் ஏற்றி அணுபுரம் வீடு வரைக்கும் கொண்டுவந்தேன், அதுதான் தப்பு.

நீ ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். நான் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். ஏங்கி ஏங்கி, வார்த்தை வராமல் அழுதாய். நான் கையைக்கூடக் கழுவவில்லை. "அழுகைய நிறுத்திட்டு வந்து சொல்லு. இப்டி அழுதா எனக்கு என்ன புரியும்?" என்றேன். நீ குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாய். "இப்ப சொல்லு" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா" என்றாய். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பையன் தானாகவே தெளிந்துவிட்டான் என்று அப்பாவிடம் பெருமையாக வேறு சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் மாமல்லபுரம் போகும்போது நீ கடலில் கால் நனைக்க மாட்டாய், கரையில் எங்கள் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாய். "பயந்தாங்கொள்ளி" என்று சொந்தக்காரர்கள் எதிரில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், நினைவிருக்கிறதா? உனக்கு இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோதும் அதே கதைதான். இயற்பியல் படிப்பதா, இன்ஜினியரிங் போவதா என்று இரண்டு மாதம் அல்லாடினாய். ஒருநாள் என்னிடம் பேச வந்தாய். "முதல்ல ஒரு முடிவுக்கு வா, அப்புறம் எங்கிட்ட வா" என்று சொல்லி அனுப்பினேன். நீ முடிவுக்கு வந்தாய். முடிவோடு மட்டும் வந்தாய். அதற்கப்புறம் உன் வாழ்க்கையில் நடந்த எல்லாம் எனக்கு முடிந்த செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. என் பையன் எந்தத் தொந்தரவும் கொடுக்காதவன் என்று நான் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு உன் ப்ராஜெக்ட் வந்தது. கல்லூரியிலிருந்து மூன்று சோலார் பேனலை இரவல் வாங்கிக்கொண்டு, அப்பாவின் கடை டெம்போவில் ஏற்றிவந்து இறக்கினாய். அப்பா திருக்கழுக்குன்றத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், பைப்பும் ஆணியும் தெரியும், இதெல்லாம் தெரியாது. "வெயிலு தானா வருது, பலகை தானா கரண்டு குடுக்குது. நடுவுல நீ இன்னா நைனா பண்ணப் போற?" என்று கேட்டார். நீ பொறுமையாகச் சொன்னாய். பேனல் தானாக எல்லாவற்றையும் கொடுத்துவிடாது. எந்த மின்னழுத்தத்தில் அதை வேலை வாங்குகிறோமோ அதைப் பொறுத்துத்தான் கொடுக்கும். ஏதோ ஓரிடத்தில் மட்டும் அதிகபட்சம் கிடைக்கும். அந்த இடமும் வெயிலோடும் சூட்டோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்திப் பிடிக்கத்தான் கன்ட்ரோலர். துரத்துவதற்குப் பல வழிகள் இருக்கின்றன, எது நல்லது என்று ஒப்பிடுவதுதான் உன் வேலை.

மூன்று பேனலுக்கும் மூன்று வழி. முதலாவதை ரேடியோ குமிழைத் திருப்புவது போல என்று அப்பாவுக்குச் சொன்னாய். கொஞ்சம் திருப்பிப் பார், நன்றாகக் கேட்டால் அதே பக்கம் இன்னும் கொஞ்சம், கெட்டுப்போனால் மறுபக்கம். அது ஓயாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே உச்சியைச் சுற்றும். இரண்டாவது, ஒவ்வொரு அடியிலும் சரிவைக் கணக்குப் போட்டுப் பார்க்கும். ஏற்றமா, இறக்கமா, சமதளமா என்று தெரிந்துகொண்டுதான் நகரும், சமதளம் வந்தால் நிற்கும். மூன்றாவது சோம்பேறி. பேனலின் முழு மின்னழுத்தத்தில் முக்காலுக்குச் சற்று மேலே ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும், உச்சி எங்கே போனாலும் எழுந்திருக்காது. "இது நம்ம வூட்டு ஆளு மாதிரி கீது" என்று அப்பா என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன்.

கல்லூரியில் தானாகப் பதிவு செய்யும் கருவி ஒன்றுதான் இருந்தது, அதுவும் பழுது. நீ முள் மீட்டர்கள் வாங்கிவந்து, ஒவ்வொரு பேனலுக்கும் இரண்டு, மின்னழுத்தத்துக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று என்று மாட்டினாய். சரியாக அந்த நேரம் பார்த்து உனக்கு அம்மை போட்டது. மாசி மாதம். வேப்பிலையை விரித்து உன்னை உள் அறையில் படுக்க வைத்தேன். உடம்பெல்லாம் கொப்புளம். அந்த நிலையிலும் நீ சீலிங்கைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, நல்ல வெயிலும் மேகமுமா கலந்து வர்ற நாள் இதுதான்மா, போச்சு" என்றாய். நான் ஏற்கெனவே உனக்காக லீவு போட்டிருந்தேன். "ரீடிங்தானே? ஊருக்கே ரீடிங் எடுக்கறவ உனக்கு எடுக்க மாட்டேனா?" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினேன். பன்னிரண்டு நாள், தலையில் ஈரத்துண்டு, காலை பத்திலிருந்து இரண்டு மணிவரை. தம்பி, என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் ரீடிங் எடுத்ததில்லை. மேகம் வந்தால் முள் ஆடும். நான் காத்திருப்பேன். நின்றதும் எழுதுவேன். பக்கத்தில் "மேகம்" என்று குறிப்பும் போடுவேன்.

உடம்பு தேறி, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நீ ரிவ்யூவுக்குப் போனாய். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் வந்து, சமையலறை வாசலில் நின்று, மெதுவாகக் கேட்டாய்.

"அம்மா, மேகம் வந்தப்போ எப்டி எழுதின?"

"எப்டி எழுதுவாங்க? முள்ளு நின்னதும் எழுதினேன்."

"ஆடிக்கினு இருக்கும்போது?"

"ஆடிக்கினு இருக்கறத எவனாவது எழுதுவானா?"

நீ சுவரில் சாய்ந்துகொண்டாய். அப்புறம் சொன்னாய். வெயில் நிலையாக இருக்கும்போது மூன்று வழியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும். மேகம் வந்து போகிற அந்த அரை நிமிஷத்தில்தான் எது தேறும், எது தடுமாறும் என்று தெரியும். நான் காத்திருந்து காத்திருந்து அந்த அரை நிமிஷங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தூர எறிந்திருந்தேன். வரைபடத்தில் மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன. எனக்கு வந்த கோபம்! "இத்தன வருஷமா இதே வேலையா இருக்கறவ நான். நேத்துப் பொறந்த நீ எனக்கு ரீடிங் எடுக்கச் சொல்லித்தர்றியா?" என்று கத்தினேன். இரண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ நூலகத்துக்குப் போயிருந்தாய். உன் மேஜையைத் துடைக்கும்போது இந்த நோட்டு கண்ணில் பட்டது. பதினேழாம் பக்கத்தைத் திருப்பிப் பார். என் முத்து முத்தான எண்களுக்குக் கீழே உன் கைடு மேடம் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "மேகம் என்று குறிப்பு, ஆனால் எண்ணில் ஓர் அசைவும் இல்லை. இந்த ரீடிங்கை எடுத்தது யார்? உண்மையிலேயே எடுத்ததா?" அதன் கீழே உன் கோழிக் கிறுக்கலில் ஒரே ஒரு வரி: "நானே எடுத்தேன்." கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. வீட்டில் உட்கார்ந்து யாரையோ வைத்துக் கற்பனையாக எழுதிக்கொண்டு வந்தாய் என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். பொய் ரீடிங் என்று முடிவானால் உன் ப்ராஜெக்ட் போய்விடும், வருஷம் போய்விடும், பெயரும் போய்விடும். அதெல்லாம் தெரிந்தும், "எங்கம்மா தெரியாம செஞ்சிட்டாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனம் வரவில்லை. நான் அந்த மேஜையருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மாடிக்குப் போனேன். ஒரு மேகம் வரும்வரை நின்றேன். கையில் பேனா இல்லை. முதன்முறையாக முள் ஆடுவதை மட்டும் பார்த்தேன். மேகம் விலகி வெளிச்சம் ஏற ஏற, அந்த ரேடியோக் குமிழ்க்காரன் தப்பான பக்கம் போய்க்கொண்டிருந்தான். வெயில் கூடுவதால் மின்சாரம் கூடுகிறது, ஆனால் அவன் தான் எடுத்த அடியால்தான் கூடியது என்று நம்பி, அதே பக்கம் இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி. வெயில் நிலைத்தபிறகுதான் தப்பு தெரிந்து திரும்பினான். பக்கத்தில் சரிவைக் கணக்கிடுகிறவன் அவ்வளவாக ஏமாறவில்லை. பன்னிரண்டு நாள் என் கண்ணெதிரில் நடந்தது இதுதான். நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, உனக்குச் சொல்லாமல் உன் கல்லூரிக்குப் போனேன். உன் கைடின் முன்னால் நோட்டைத் திறந்து வைத்து, "மேடம், இது என் கையெழுத்து. பையனுக்கு அம்மை போட்டிருந்தது. எடுத்தது நான்தான். அவன் பொய் சொன்னது என்னைக் காப்பாத்த" என்றேன். வாழ்க்கையில் என் ரீடிங் தப்பு என்று நானே வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எங்கம்மா வேல செய்யறீங்க?"

"கல்பாக்கத்துல. மீட்டர் ரிப்பேர், அது சரியா காட்டுதான்னு காலிப்ரேஷன்."

அவர் சிரித்துவிட்டார். "அதான் முள்ளு நிக்கற வரைக்கும் பொறுமையா நின்னிருக்கீங்க. இவன் பரிட்சையே அந்த நிக்காத நேரத்துலதானம்மா" என்றார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். உன்னிடம் மட்டும், "யார் எடுத்தாங்கன்னு இனிமே உண்மைய எழுது" என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார்.

ஒரு மாதம் கிடைத்தது, மேகம் கிடைக்கவில்லை. பங்குனி பாதியிலேயே வானம் துடைத்துவிட்டது போல ஆகிவிட்டது. நாம் இருவரும் மாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். அப்பா சாப்பிட வந்தவர் மேலே ஏறி வந்து, "இன்னாமே, ஊரே வெயிலுக்குப் பயந்துகினு வூட்டுக்குள்ள கீது. நீங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?" என்றார். விஷயத்தைக் கேட்டதும், "மேகம்தானே? கவலய வுடு" என்று தன் நாலு முழ வேட்டியைக் கொண்டுவந்தார். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, பேனல்களுக்கு மேலே மெதுவாக நடந்தோம். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். பாதி பேனலில் நிழலும் பாதியில் வெயிலுமாக விழுந்தால் ஒரு உச்சிக்குப் பதில் இரண்டு உச்சி வந்துவிடுமாம், மூன்று வழியும் குழம்பிப்போகுமாம். "என் வேட்டிக்கு அந்த யோக்கியதை கூட இல்லியா?" என்று அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

அப்படிக் காத்திருந்த ஒரு பகலில்தான் நீ சொன்னாய். நான் கேட்கவில்லை, நீயாகவே, வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அந்த ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில், மாமல்லபுரம் கடற்கரையில் கூட்டத்தில் நீ தொலைந்துபோயிருக்கிறாய். ஒரு மணி நேரம். பாறை இடுக்கில் உட்கார்ந்து, அலை வரும்போதெல்லாம் அதுதான் உன்னைக் கொண்டுபோக வருகிறது என்று நினைத்திருக்கிறாய். டீச்சர் தேடிக் கண்டுபிடித்து, வீட்டில் சொல்லக்கூடாது என்று மிரட்டியிருக்கிறார். அப்படியும் என்னிடம் சொல்லத்தான் ஓடி வந்தாய். அழுகையை நிறுத்திவிட்டு வா என்றேன். "முகம் கழுவினப்புறம் சொல்றதுக்கு எதுவும் இல்லாத மாதிரி ஆயிடுச்சும்மா" என்றாய். உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. நான் அழவில்லை, வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த மன்னிப்பை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். உன் பயத்தைக் கேலி செய்ததற்கும், உன்னைப் பத்து வயதில் முகம் கழுவ அனுப்பியதற்கும் என்னை மன்னித்துவிடு, தம்பி.

சித்திரை பிறந்து நாலைந்து நாளில், கடல்பக்கமிருந்து துண்டு துண்டாக மேகம் கிளம்பியது. நீ கீழே ஓடிவந்து கத்தினாய். அப்பா கடைக்குப் போகவில்லை. ஆளுக்கு ஒரு பேனல். உனக்கு முதலாவது, எனக்கு இரண்டாவது, அப்பாவுக்குச் சோம்பேறி. பத்து விநாடிக்கு ஒருமுறை நீ "இப்போ!" என்று கத்துவாய், முள் எங்கே இருக்கிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். முதல் ஐந்தாறு தடவை என் கை எழும்பவே இல்லை. "எழுதும்மா! தப்பா இருந்தாலும் எழுது! அது ஆடறதுதான் எனக்கு வேணும்!" என்று கத்தினாய். நீ என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. எழுதினேன். அப்பா, "என்னுது ஒரு முள்ளு நட்ட கல்லு மாதிரி கீது, உங்க ரெண்டு பேருதும் இன்னா பேஜாரு பண்ணுது?" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். இருபதாம் பக்கத்திலிருந்து பார், மூன்று கையெழுத்தும் வரிசையாக இருக்கும். என் எண்கள் கோணல்மாணலாக இருக்கும். ஆனால் வரைபடத்தில் மூன்று கோடும் பிரிந்து நின்றன. குமிழ்க்காரன் மேகம் விலகும்போதெல்லாம் வழி தவறினான், சரிவுக்காரன் சீக்கிரம் பிடித்துக்கொண்டான், சோம்பேறி மாடி சூடேறச் சூடேறப் பின்தங்கினான். நீ தேறினாய். அதே வேலைக்குத்தான் இப்போது ஜெர்மனிக்காரன் உன்னைக் கூப்பிடுகிறான்.

உனக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி சொல்கிற பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், நான் திருப்பிச் சொல்கிறேன். "என்ன செஞ்ச?" என்று கேட்காமல் "எப்டி எழுதின?" என்று கேட்டதற்கு நன்றி. அந்த ஒரு பொய் வரிக்கு நன்றி, இனிமேல் அப்படிப் பொய் சொல்லாதே. மாடியில் என்னை அதட்டியதற்கு ரொம்ப நன்றி. வேலையில் நான் செய்தது தப்பில்லை. அங்கே நின்ற முள்தான் வேண்டும், இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன். பிள்ளையிடம் அந்தச் சட்டம் செல்லாது என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயதாகிவிட்டது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே போனபிறகு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லாதே. அது முகம் கழுவிக்கொண்டு வந்த பேச்சு. குளிர் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். வேலையை விடலாமா வேண்டாமா என்று இருந்தால், முடிவு எடுப்பதற்கு முன்னால் கூப்பிடு. யாரையாவது பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்தால், அந்தத் தெரியாததைச் சொல். நான் குறுக்கே பேசினால், "எழுதும்மா" என்று அதட்டு. புரிந்துகொள்வேன்.

உன்னை மட்டும் கேட்டால் நியாயமில்லை. இதோ என்னுடைய ரீடிங். காலை ஆறரை: பால் காய்ச்சும்போது பெருமை, பக்கத்து வீட்டில் இன்னொருமுறை சொல்லலாமா என்று யோசனை. எட்டு: நீ பெட்டியைத் தூக்கிப் பார்த்தபோது பயம். ஒன்பதரை: நீங்கள் கிளம்பியதும் உன் சட்டைகளை மறுபடி மடித்தேன், மடித்ததையே மடித்தேன். பத்து: போகவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பத்து ஐந்து: சீ, போகட்டும் என்று தோன்றியது. பதினொன்றரை: போகவேண்டாம். இப்போது பன்னிரண்டே கால், வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்கிறது. முள் இன்னும் நிற்கவில்லை, தம்பி. நிற்கட்டும் என்று காத்திருக்காமல் நோட்டை மூடி உன் பெட்டியில் வைக்கிறேன்.

அம்மா